கேட்டது கண், கிடைத்தது நெஞ்சு

என் ஜெபம் கேட்கப்படவில்லை. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் வரியிலேயே ஆளைக் குழப்புகிறானே என்று நினைப்பீர்கள். நான் இரண்டு வருஷமாக இந்தக் குழப்பத்தோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஜெப வீட்டுக்கு வந்து பாயில் உட்காருகிறேன். நம் சபைப் பத்திரிகைக்குச் சாட்சி எழுதித் தா என்று பாஸ்டர் ஐயா மூன்று தடவை கேட்டுவிட்டார். எழுதினால் தெளியும் என்கிறார். பார்ப்போம்.

என் பெயர் மாசிலாமணி. கல்மண்டபத்தில் குடியிருக்கிறேன். 1954-ல் இது நடந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஹார்பரில் பத்தொன்பது வருஷ வேலை. என்ன வேலை என்று சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும். கப்பலின் மேல்தட்டில், சரக்கு அறைக்குப் பெரிய வாய் ஒன்று திறந்திருக்கும். எட்டிப் பார்த்தால் மூன்று மாடி ஆழம். கீழே எட்டுப் பத்துப் பேர் நின்று சரக்கைக் கட்டிக் கொடுப்பார்கள். அதைத் தூக்குகிற விஞ்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர் தள்ளி உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பது அவருக்கு ஒன்றும் தெரியாது. வாயின் ஓரத்தில் நின்று, கீழே பார்த்து, அவருக்குக் கையால் காட்டுகிற ஆள் நான். விரலைச் சுழற்றினால் தூக்குவார். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்குவார். கையை மூடினால் நிறுத்துவார். நான் தப்பாகக் காட்டினால் கீழே ஒருவன் தலை போகும்.

விஞ்சு ஓட்டினவர் தண்டையார்பேட்டை இப்ராஹிம் பாய். பதினோரு வருஷம் நாங்கள் ஜோடியாக வேலை பார்த்தோம். அவர் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்.

இதற்கு மூன்று வருஷம் முன்பே எனக்குச் சர்க்கரை வியாதி கண்டுவிட்டது. தாகம் அடங்காது. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் என் மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டுச் சூடு காட்டினார். செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரை இருந்தால் அப்படி மாறுமாம். "சோத்தக் கொறை, இனிப்பத் தொடாதே" என்றார் டாக்டர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கேங்கு அந்த வருஷம் முழுக்கச் சர்க்கரைக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தது. மூட்டை உடைந்து தூள் பறக்கும். மீசையை நக்கினால் தித்திக்கும். அந்தத் தூள்தான் மூக்கு வழியாக உள்ளே போய் வியாதியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். கேங்கில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. "கரெக்ட்டு மாசி, நானும் அத்தாம்பா நெனச்சேன்" என்றார் இப்ராஹிம் பாய். மேஸ்திரி காலைப் பிடித்து, நிலக்கரிக் கப்பல் நிற்கிற பக்கத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பாயும் எனக்காகக் கூடவே வந்தார். ஒரு வருஷம் கரித்தூளைச் சுவாசித்துக்கொண்டு, இனிமேல் சர்க்கரை எங்கிருந்து உள்ளே போகும் என்று இறுமாப்போடு இருந்தேன். வீட்டில் மூன்று வேளையும் சோறு. டீக்கடையில் ஸ்பெஷல் டீ. கம்பவுண்டர் மறுபடி சூடு காட்டினார். அதே செங்கல்.

அதற்குப் பிறகு தினமும் ஊசி. என் மனைவி சலோமி கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துப் போடக் கற்றுக்கொண்டாள். காலையில் எனக்கு ஊசி போட்டுவிட்டு, திருவொற்றியூரில் தீப்பெட்டி ஒட்டப் போய்விடுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

1954 தொடக்கத்தில் இடது கண்ணில் ஒரு கறுப்பு நூல் தெரிந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் கூடவே வரும். கரிக்கப்பலில் நிற்கிறவன் கண்ணில் கறுப்பு தெரிந்தால் என்ன நினைப்பான்? கரி என்றுதான் நானும் நினைத்தேன். தண்ணீர் அடித்துக் கழுவினேன். விளக்கெண்ணெய் விட்டேன். நூல் இரண்டாயிற்று, பிறகு சிலந்திக்கூடாயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்தால் இடது கண்ணுக்கு முன்னால் புகைபோல ஒரு திரை. வலது கண்ணிலும் புள்ளிகள். வெயிலில் நின்று சரக்கு அறைக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் இருட்டு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் இல்லாதவனுக்கு ஹார்பரில் என்ன வேலை இருக்கிறது? சாமர்த்தியம் பண்ணினேன். "வெயில் கொளுத்துது, எல்லாரும் தலையில வெள்ளத் துணி கட்டுங்கப்பா" என்று கீழே நிற்கிறவர்களிடம் சொன்னேன். அந்த வெள்ளையை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமாதிரி குறித்துக்கொள்வேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அது கரிக்கப்பல். பத்து மணிக்குள் எல்லாருடைய துணியும் கறுப்பாகிவிடும். பத்து மணிக்குமேல் நான் குத்துமதிப்பாகத்தான் கை காட்டினேன். இதை எழுதுகிற கை இப்போதும் கூசுகிறது.

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். காலி இரும்புத் தொட்டியைக் கீழே இறக்கக் கை காட்டினேன். கீழே முனுசாமி என்பவர் குனிந்து கரி வாரிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. தொட்டி திடீரென்று நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. பாய் தானாகவே நிறுத்தியிருக்கிறார். முனுசாமியின் கழுத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொட்டி ஆடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஓடிவந்து கத்தினார். விஞ்சைத் தப்பாக ஓட்டினார் என்று பாய்மேல் பாய்ந்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வராதே என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. அதுதான் வெட்கம்.

அன்றிலிருந்து முழங்காலில் நின்றேன். என் ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஆண்டவரே, எனக்குக் கண்ணைத் தாரும். இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று. குருடனாக மட்டும் உட்காரவைக்காதேயும்." காலையும் மாலையும் சத்தமாக இதைத்தான் கேட்டேன். சலோமிக்கு எரிச்சல்.

"இன்னாயா ஜெபம் இது? மீன் மார்க்கெட்டுல பேரம் பேசற மாரி கீது."

"இது என் விசுவாசம். உனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நம் ஜெப வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். அன்றைக்கு என் கண் திறக்கும் என்று எனக்குள் ஒரு உறுதி. லீவு போட்டேன். சலோமி வழக்கம்போல ஊசி போட்டுவிட்டு, கஞ்சியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உபவாசம் இருக்கப்போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கஞ்சியை மூடியபடியே விட்டுவிட்டு ஜெப வீட்டுக்குப் போனேன்.

அன்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பதினோரு மணிவாக்கில் என் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு உடம்பு முழுவதும். வேர்வை ஊற்றிச் சட்டை நனைந்துவிட்டது. நாக்கு தடித்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் பளபளவென்று ஆயிற்று. "பிரதர் மேல அபிஷேகம் இறங்குது" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். நானும் நம்பினேன். இதோ கண் திறக்கிறது என்று அழுதேன். வாயில் ஏதேதோ வந்தது. ஆவியில் பேசுகிற அந்நிய பாஷை என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "நீங்க 'எறக்கு, எறக்கு, நிறுத்து'ன்னுதான் சொன்னீங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

அந்த நேரம் பார்த்து நம் எஸ்தர் சிஸ்டர் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவர், டியூட்டி முடிந்து தாமதமாக வந்திருக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் நெற்றியைத் தொட்டார்.

"காலைல ஊசி போட்டீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"சாப்ட்டீங்களா?"

"உபவாசம்" என்றேன். அப்படித்தான் சொன்னதாக நினைக்கிறேன்.

"பாடறத கொஞ்சம் நிறுத்துங்க. ஊசி போட்டுக்கினு சாப்டாம வந்திருக்காரு. ரத்தத்துல சர்க்கரை எறங்கிப் போச்சு. இனிப்பா ஏதாச்சும் குடுங்க, சீக்கிரம்."

உபவாச ஜெப வீட்டில் இனிப்பு எங்கே இருக்கும்? நாற்பது பேர் இருந்தோம், ஒருவரிடமும் ஒரு மிட்டாய்கூட இல்லை. இருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்காகக் காய்ச்சி வைத்திருந்த திராட்சரசம். பாஸ்டர் ஐயா பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இது திருவிருந்துக்கு வெச்சது சிஸ்டர்."

"ஞாயித்துக்கெழமைக்கு வேற காய்ச்சிக்கலாம் பாஸ்டர். இவர வேற காய்ச்ச முடியாது."

பாஸ்டர் ஐயா தம்ளரில் ஊற்றி, தன் கையாலேயே என் வாயில் வைத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. வேர்வை காய்ந்தது. பளபளப்பும் போய்விட்டது. நூலும் சிலந்திக்கூடும் திரையும் பழைய இடத்திலேயே இருந்தன. சிலருக்கு எஸ்தர் சிஸ்டர்மேல் கோபம். சிலருக்கு என்மேல் கோபம். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அன்றைக்கு என்னைத் தொட்டது பரிசுத்த ஆவியா, சர்க்கரையா? பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒரே நாள்ல வரக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?" என்றார். அது பதிலா, நழுவலா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எஸ்தர் சிஸ்டர் என்னை விடவில்லை. என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சலோமியும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு டாக்டரம்மா சின்ன விளக்கை வைத்து என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றார். சாயங்காலம் கால் வீங்குகிறதா என்றார். அப்பா எப்படிச் செத்தார் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"டாக்டரம்மா, நான் கண்ணுக்கு வந்தேன்."

"கண்ணைப் பாத்துட்டுத்தாங்க கேக்கறேன்" என்றார். "உடம்பை அறுக்காம ரத்தக்குழாயை நேரா பாக்கறதுக்குக் கண்ணு ஒண்ணுதான் இடம். உங்களுக்கு அது வீங்கி, ஒழுகி, சில இடத்துல உடைஞ்சு ரத்தம் கட்டிருக்கு. சர்க்கரையோட வேலை. அந்தக் குழாய்தானே உடம்பெல்லாம் ஓடுது? இங்க இப்படி இருந்தா, நெஞ்சுக்குப் போறது மட்டும் நல்லா இருக்கும்னு நான் எப்படி நம்பறது?"

இடது கண் திரும்புவது கஷ்டம் என்றார். வலது கண்ணை, சர்க்கரையை அடக்கினால், இருக்கிற மட்டுக்கும் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். உடைந்த குழாயைச் சரிசெய்ய மருந்து கிடையாது என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு சலோமி பக்கம் திரும்பினார்.

"சர்க்கரை உள்ள சில பேருக்கு நெஞ்சு வலிக்காமலே நெஞ்சு கெட்டுப்போகும்மா. வெறும் வேர்வையும் மூச்சு முட்டலும்தான் வரும். இவருக்கு வேர்த்தா முதல்ல சர்க்கரைத் தண்ணி குடுங்க. கால் மணி நேரத்துல அடங்கலைன்னா அது சர்க்கரை இல்ல, நெஞ்சு. ஒரு அடிகூட நடக்கவிடாம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் சலோமியிடம் சொன்னேன். "பாத்தியா, கண்ணக் கேட்டா நெஞ்சையும் சேத்துப் புடுங்கப் பாக்கறாரு உன் ஆண்டவர்." அவள் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றாள். டாக்டரம்மா சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கப்பலில் கை காட்டுகிற வேலையை விட்டுவிடுங்கள் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை மேஸ்திரியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். திங்கள் போயிற்று. அடுத்த திங்களும் போயிற்று. முனுசாமி கீழே, நான் மேலே, என் ஜெபம் எனக்கும் மேலே. அப்படியே ஓட்டினேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். சலோமிக்கு அரை நாள் வேலை, வீட்டில்தான் இருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சில்லென்று வேர்த்தது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. இடது கை மரத்துப் போனமாதிரி இருந்தது. வலி என்று ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. சலோமி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்தேன். வேர்வை நிற்கவில்லை. இன்னொரு தம்ளர் கொடுத்தாள். சுவர்க் கடிகாரம் கிடையாது எங்களிடம், பக்கத்து வீட்டுக்குப் போய் மணி பார்த்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கால் மணி ஆச்சு. இது சக்கரை இல்ல. எழுந்துக்காத, அப்டியே இரு."

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது எனக்கு. கண்ணைத் தாரும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவன் நான்தானே? கண்ணைத் தரவில்லை. ஆகவே எடுத்துக்கொள்கிறார். ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. நானே கேட்டு வாங்கின பதிலுக்கு நானே ஆஸ்பத்திரி தேடினால் அது அவிசுவாசம் இல்லையா? உள்ளுக்குள் ஒரு அமைதிகூட வந்தது. இனிமேல் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டாம். பாய் முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்த அமைதி தேவனிடமிருந்து வந்ததா, கோழைத்தனமா என்று இப்போது கேட்டால், இரண்டாவதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

"உடு சலோமி" என்றேன். "நான் கேட்டதுதான். குடுக்கறாரு."

அவள் என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"நீ கேட்ட. நான் கேட்டனா? இந்த வூட்ல நானும் ஜெபம் பண்ணிகினுதான் கீறேன். அவரு யாரு பேச்சக் கேக்கறாருன்னு அங்க போய்த் தெரிஞ்சுக்கலாம். வாயப் பொத்திகினு உக்காரு."

தெருவுக்கு ஓடினாள். சனிக்கிழமைகளில் எங்கள் தெருமுனையில் மீன் வாங்க வருவது இப்ராஹிம் பாயின் வழக்கம். வாங்கிக்கொண்டு என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். தொட்டி விஷயத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வருவதில்லை, மீனோடு திரும்பிவிடுவார். அன்றைக்கும் பையும் கையுமாக அங்கேதான் நின்றிருக்கிறார். சலோமி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவரும் தெருவில் நின்ற ஒரு ஜட்கா வண்டிக்காரரும் என்னைப் பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். ஒரு அடி நடக்கவிடவில்லை சலோமி.

வண்டியில் என் தலை பாயின் மடியில் இருந்தது. மீன் வாடையும் குதிரை வாடையும். சாகப்போகிறேன் என்று நினைத்ததால் வாய் திறந்துவிட்டது.

"பாய், அன்னிக்கித் தப்பு என்னுது. எனக்குக் கண்ணு தெரில."

"தெரியும்" என்றார்.

"எப்டி?"

"பதினோரு வருசமா உன் கையப் பாத்துகினு கீறேன். நாலஞ்சு மாசமா உன் கை யோசிக்குது. நீ எறக்குன்னாலும் நான் மனசுக்குள்ள எண்ணித்தான் எறக்குவேன், தரை வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன். நீயா சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. அல்லாகிட்ட டெய்லி கேட்டுகினு இருந்தேன், இவன் வாயத் தொறந்துடுன்னு. இப்ப பேசாத. மூச்ச வுடு."

அவர் மடியிலேயே அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் கம்பி கட்டி ஒரு இயந்திரத்தால் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது என்றார். வலித்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"வலிக்கலைன்னா எப்படி உடனே வந்தீங்க? உங்களை மாதிரி ஆளுங்க, உஷ்ணம், களைப்புன்னு வீட்டுலயே படுத்துடுவாங்க. எங்ககிட்ட வரும்போது லேட்டாயிடும்."

சலோமிதான் பதில் சொன்னாள். "கண்ணு டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் அதை நம்பாமல் இரண்டு தடவை கேட்டு, பிறகு என் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். எழுந்து உட்காரக்கூட விடவில்லை. சலோமி வேலை முடிந்து வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கத்தான் நேரம் இருந்தது. கண்ணுக்காகப் போகாமல் இருந்திருந்தால் அந்த டாக்டரம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன். அவரைப் பார்க்காவிட்டால் அந்தச் சனிக்கிழமை நெஞ்சு என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. உபவாசத்தில் விழுந்து திருவிருந்து ரசத்தைக் குடிக்காவிட்டால் எஸ்தர் சிஸ்டர் என்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க மாட்டார். அப்படியானால் என் கண் கெட்டதுதான் என் உயிரைக் காத்ததா? அப்படிக் காக்கிறவர் கண்ணையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா? இதற்குமேல் என் புத்தி போகவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் சலோமியிடம் கேட்டேன். "அன்னிக்கி, நீயும் ஜெபம் பண்றேன்னு சொன்னியே. இன்னா கேட்ட?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தாள்.

"கண்ணு போனா போவட்டும், ஆள உட்டுடுன்னு கேட்டேன். நீ சத்தமாக் கேப்ப. நான் அடுப்பாண்ட குந்திகினு மெதுவாக் கேப்பேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கண்ணை இவள் யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தாள்? நான் ஒரு பக்கம் கண்ணைக் கேட்க, இவள் மறு பக்கம் கண் போனால் போகட்டும் என்று சொல்ல, நடுவில் அவர் என்னதான் செய்வார்? இரவு முழுவதும் இதுதான். மறுநாள் அவள் வந்து கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுவந்தபோது கேட்டுவிட்டேன்.

"என் கண்ண எடுத்துக் குடுத்துட்டியே."

"உன் கண்ண மட்டும் சொல்லல" என்றாள். "அவுருக்குக் கண்ணுதான் வேணும்னா என்னுத எடுத்துக்கன்னுதான் மொதல்ல கேட்டேன். வேணாம்ட்டாரு போல. வாயத் தொற, ஆறிப் போவுது."

கஞ்சியை விழுங்கினேன்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பகலில் ஆள் முகம் தெரியும், எழுத்து பெரிதாக இருந்தால் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாளே பாய் என்னை ரிக்ஷாவில் வைத்து ஹார்பருக்குக் கூட்டிப்போனார். மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாய்மேல் தப்பில்லை என்று கேங்கு முழுவதும் கேட்கச் சொன்னேன். முனுசாமியிடமும் சொன்னேன். அவர் தன் கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டு, "சரி உடு நைனா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தகுதியில்லாதவன். பிறகு கயிற்றுக் கிடங்கில் எனக்கு வேலை கொடுத்தார்கள். சரக்குக் கயிறுகளில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கிற வேலை. அதற்குக் கண் தேவையில்லை. இப்போது சோறு ஒரு பிடி, டீயில் சர்க்கரை இல்லை. கம்பவுண்டர் சூடு காட்டினால் பெரும்பாலும் நீலம் நீலமாகவே இருக்கிறது.

பிரியமானவர்களே, இதை எழுதி முடித்தும் எனக்குத் தெளியவில்லை. நான் கண்ணைக் கேட்டேன், கிடைக்கவில்லை. சாவைக் கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. சலோமி கேட்டது கிடைத்தது. பாய் கேட்டதும் கிடைத்தது, என் வாய் திறந்தது. நான் சத்தமாகக் கேட்டவன், அவர்கள் மெதுவாகக் கேட்டவர்கள். என் ஜெபத்தைக் கேளாமல் விட்டதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். இதைச் சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வருகிறது, இரண்டு கண்ணிலும் வருகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், ஊசி போட்டுக்கொண்டு உபவாசத்துக்கு வராதீர்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கண்ணில் நூல் தெரிந்தால் கரி என்று கழுவிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பற்றிக் கேட்டால் என்னைப்போல முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆண்டவரை நம்புங்கள், தைரியமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்கிறார் என்றும் ஒரு தடவை விசாரித்து வையுங்கள்.